அந்தப் பெண்ணை இடம் மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில் (வருகை, சம்பளக் கணக்கு பார்க்கும் இடம்) 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ‘விசாகா கமிட்டி’ என்று எல்லோரும் சொல்கிற உள்ளகப் புகார்க் குழுவிலும் கடைசி ஆறு வருடம் இருந்தேன். அதில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு (பையர் ஆடிட்) வரும்போது காட்டுவதற்கு என் பெயரும் கையெழுத்தும் தேவைப்பட்டன.

பாலியல் தொல்லைப் புகார்களை முதலாளிகள் எப்படிக் கையாள வேண்டும் என்ற பேச்சு, குழு அமைக்க வேண்டும், போர்டு வைக்க வேண்டும் என்பதோடு முடிந்துவிடுகிறது. புகார் வந்த மறுநாள் காலை என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். வெளி மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். லைன் சூப்பர்வைசர் பீஸ் வாங்குகிற சாக்கில் கையைப் பிடிக்கிறார், ராத்திரி போன் செய்கிறார், எடுக்காவிட்டால் மறுநாள் நான் பார்த்துக் கொடுத்த பீஸை எல்லாம் திருப்பிப் போடுகிறார் என்றாள். “எழுதிக் கொடும்மா, கமிட்டியில வைக்கிறேன்” என்றேன். அவளுக்கு அவ்வளவாக எழுத வராது. இரண்டு வாரம் கழித்து யாரையோ பிடித்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். எழுத முடியாத பெண்ணுக்குப் புகாரை எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்று, 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அன்று எனக்கு அது தெரியாது. அந்த இரண்டு வாரமும் அவள் அதே லைனில் அதே ஆளுக்கு முன்னால் நின்று வேலை பார்த்தாள்.

புகார் கொடுத்த மறுநாளே மேனேஜர் அவளை எங்களுடைய இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார். “அவ பாதுகாப்புக்குத்தான்” என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அங்கே போக ஹாஸ்டலிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். செக்கிங்கில் ஆள் தேவைப்படவில்லை என்று ஹெல்பர் வேலை கொடுத்தார்கள்; வாரச் சம்பளம் குறைந்தது. “உன்னை ஏன் இங்க அனுப்பினாங்க?” என்று புது இடத்தில் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். பழைய லைனிலோ, அவள் பேரில்தான் ஏதோ தப்பு என்று பேச்சு கிளம்பியது. சூப்பர்வைசர் இருந்த இடத்திலேயே இருந்தார். நடந்ததைப் பார்த்த இரண்டு பெண்கள், முதலில் சாட்சி சொல்கிறோம் என்றவர்கள், பின்வாங்கிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய பீஸ் கணக்கை எழுதுகிறவர் அந்தச் சூப்பர்வைசர்தான்.

மூன்றாவது வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. கடைசி வாரச் சம்பளக் கவரை வாங்கவும் வரவில்லை. புகார்தாரர் நின்றுவிட்டதால் விசாரணை முடிக்கப்பட்டது என்று மினிட்ஸ் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். வேலையை விட்டதாலேயே ஒரு பெண்ணின் புகார் இல்லாமல் போய்விடாது. அவளுடைய ஊர் முகவரி எங்கள் ரிஜிஸ்டரில் இருந்தது. ஒரு கடிதம் போடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

பிற்பாடு ஒரு பயிற்சியில் வழக்கறிஞர் ஒருவர் அந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை வரிவரியாகப் படித்து விளக்கினார். 12-ஆவது பிரிவு வந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. விசாரணை நடக்கும்போது, பாதிக்கப்பட்ட பெண் எழுத்துமூலம் கேட்டால், அவளையோ புகாருக்கு ஆளானவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படி குழு பரிந்துரைக்கலாம். மூன்று மாதம் வரை அவளுக்கு விடுப்பும் கொடுக்கச் சொல்லலாம். அது அவளுக்கு வழக்கமாக உள்ள விடுப்பில் கழியாது. அவளுடைய வேலையை மதிப்பிடும் பொறுப்பை அந்த ஆளிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுக்கவும் விதியில் இடம் உண்டு. எங்கள் கம்பெனியில் அவள் கேட்கவும் இல்லை, குழு கூடவும் இல்லை. அந்தக் கணக்கு நோட்டை மட்டும் வேறொருவர் கையில் கொடுத்திருந்தால்கூட அந்த இரண்டு பெண்களும் வாய் திறந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

குற்றம் நிரூபணமாகாத ஆளை எப்படி மாற்றுவது என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிரூபணமாகாத புகாருக்காக அந்தப் பெண்ணை மட்டும் எப்படி மாற்றினீர்கள்? சம்பளம் குறையாமல், பதவி குறையாமல் அவரை விசாரணை முடியும்வரை வேறு ஃப்ளோரில் வைப்பது தண்டனை ஆகாது. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த மூன்று மாதம் ஒரு கம்பெனியால் ஒரு சூப்பர்வைசர் இல்லாமல் ஒரு லைனை ஓட்ட முடியாதா? தீபாவளி ஆர்டர் நேரத்தில் ஆள் பற்றாக்குறையோடே ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, சமாதானம் பேசுவது. பெண் தானாகக் கேட்டால் ஒழிய சமரசம் கூடாது. அதுவும் பணம் கொடுத்து முடிக்கவே கூடாது. அப்புறம், புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. 14-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. “நிரூபிக்காட்டி உன் மேலதான் ஆக்‌ஷன்” என்று மிரட்டும் ஹெச்.ஆர். அதிகாரிகள் அந்தப் பிரிவை ஒருமுறை படிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஐந்தாறு மெஷினோடு ஓடும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்காது. அங்கே இருப்பவர்களும், முதலாளி பேரிலேயே புகார் உள்ளவர்களும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். இது பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாது. உங்கள் பத்திரிகை ஒவ்வொரு மாவட்டக் குழுவின் முகவரியையும் ஒருமுறை வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆலைகளில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க, கம்பெனியும் தொழிற்சங்கமும் சேர்ந்து 2022-இல் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தத்தின்படி, அங்கே ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ஃப்ளோரில் நடப்பதைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் சொல்வது சுலபம். டைம் ஆபீஸ் மேஜைவரை நடந்து வருவதற்கு அந்தப் பெண் எத்தனை நாள் யோசித்திருப்பாள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது என் இடத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புகார் கையில் கிடைத்ததும் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, “நீ எங்கே வேலை பார்க்க விரும்புறேம்மா?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி ஃபைலில் முதல் தாளாக வையுங்கள். மேனேஜரிடம் அதற்குப் பிறகு போங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருப்பூர்.