ரேகையில் குணம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றவாளி பிறக்கிறானா, உருவாகிறானா என்று கேட்டு சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மண்டையோட்டை அளந்த இத்தாலிக்காரர் லொம்ப்ரோசோவில் தொடங்கி மரபணு வரைக்கும் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு இடித்தது ஒரே ஒரு வரி. பிறவிக் குற்றவாளி என்ற எண்ணம் ஐரோப்பாவோடு நின்றுவிட்டது, நம் நாட்டில் அது வேர் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தத் துறையின் பெயரில் ‘சீரமைப்பு’ என்ற சொல் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

சில சாதிகளில் பிறந்தவர்களை எல்லாம் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலில் ஏற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது 1871இல். குற்றவாளி பிறக்கிறான் என்று சொன்ன லொம்ப்ரோசோவின் புத்தகம் 1876இல்தான் வெளிவந்தது. ஆக, அவரைப் படித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் இந்தச் சட்டத்தைப் போடவில்லை. தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன் என்று இருக்கிற நாட்டில் திருடன் மகன் திருடனாகத்தானே இருப்பான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இந்தச் சட்டத்துக்கு மண்டையோட்டை அளக்கத் தேவைப்படவில்லை. சாதிப் பெயரே போதுமானதாக இருந்தது. முதலில் வட இந்தியாவில் ஆரம்பித்து, 1911 சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1913இல் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து பார்த்து, குற்றவாளிக்கென்று தனி உடல்வாகு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். அதற்கு அடுத்த சில வருடங்களில்தான் எங்கள் பக்கத்துச் சமூகமான பிரமலைக் கள்ளர்களின் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறின. அவர்களைத் ‘திருத்த’ வந்ததுதான் அந்தச் ‘சீரமைப்பு’.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். விரல்களை மையில் உருட்டிக் காகிதத்தில் பதிக்க வேண்டும். ராத்திரியானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதில் எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கும். மாமனார் வீட்டுக்குப் போனாலும் அங்கே காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று திரண்டவர்களைச் சுட்டார்கள். செத்தவர்கள் 16 பேர். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ரோசாப்பூ துரை என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் அன்போடு சொல்லப்படும் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்தை எதிர்த்து மன்றாடியவர்.

என் தாத்தாவும் ரேகை வைத்தவர்தான். எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒருநாள் சிலேட்டையும் பலப்பத்தையும் எடுத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடு என்றார். பெயர் மட்டும் போதுமாம், வேறு எழுத்து எதுவும் வேண்டாமாம். மூன்று மாதம் ஆனது. அப்புறம் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கப் போனபோது எழுத்தர் வழக்கம்போல் மைப்பெட்டியைத் தள்ள, இவர் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டார். கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார், மை படாத விரலை.

இந்த ரேகை விஷயத்தில் இன்னொன்று சொல்ல வேண்டும். விரல்ரேகையை அறிவியலாக வளர்த்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கால்டன், ரேகையை வைத்து ஒருவருடைய இனத்தையும் அறிவையும் குணத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆசையோடுதான் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1892இல் தன் புத்தகத்திலேயே அதை ஒப்புக்கொண்டார். ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். அவர் கைவிட்டதை இங்கே அதிகாரிகள் கைவிடவில்லை.

உடம்புக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. நானும் கொஞ்சம் படித்துப் பார்க்கிறவன்தான். 1993இல் ஹான் புருன்னர் குழுவினர் ஒரு டச்சுக் குடும்பத்தில் பல ஆண்களுக்கு எம்ஏஓஏ என்ற மரபணு வேலை செய்யாமலே போயிருந்ததைக் கண்டார்கள். அவர்களுக்கு முன்கோபம், தீவைப்பு என்று வரிசையாகப் பிரச்சினைகள். அது மிக அபூர்வமான நிலை. ஆனால் அதே மரபணுவின் சற்று மந்தமான வடிவம் ஐரோப்பிய ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உண்டு. 2002இல் நியூசிலாந்தின் டுனெடின் நகர ஆய்வு என்ன சொன்னது? அந்த வடிவம் இருந்து, சின்ன வயதில் அடி உதையும் கொடுமையும் பட்டவர்கள்தான் வன்முறைப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். கொடுமை படாதவர்களிடம் அந்தச் சாய்வு தெரியவில்லை. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் கட்டுரையில் இந்தப் பாதியைக் காணோம். அந்த மரபணுவுக்கு வைத்த ‘போர்வீரன் மரபணு’ என்ற பட்டப்பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

பட்டம் முந்திக்கொண்டு ஓடுவது இது முதல் தடவையும் இல்லை. 1965இல் ஸ்காட்லாந்தில் ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்ட மனநோயாளிகளை வைக்கும் பாதுகாப்பு மருத்துவமனை ஒன்றில், ஆண்களுக்கு வழக்கமாக உள்ள எக்ஸ்-ஒய்க்கு மேல் ஒரு ஒய் கூடுதலாக எக்ஸ்-ஒய்-ஒய் குரோமோசோம் உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததும் ‘குற்றவாளிக் குரோமோசோம்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. சிகாகோவில் எட்டுப் பயிற்சிச் செவிலியர்களைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கும் அதுதான் என்று எழுதினார்கள். சோதித்துப் பார்த்தால் அவனுக்கு மற்ற ஆண்களைப்போல எக்ஸ்-ஒய். 1976இல் டென்மார்க்கில் 4,000க்கு மேற்பட்ட உயரமான ஆண்களைச் சோதித்ததில் 12 பேருக்குத்தான் அந்தக் கூடுதல் ஒய் இருந்தது. அவர்களில் சிலர்மேல் வழக்கு இருந்தது, ஆனால் பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். இதெல்லாம் எத்தனை பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் வந்ததோ!

உளவியல் பகுதியைக் கட்டுரையாளர் அவசரமாக முடித்துவிட்டார். எனக்கு அதில்தான் ஆர்வம். ஜான் பவுல்பி என்ற உளவியல் மருத்துவர் லண்டனில் திருட்டுப் பழக்கம் உள்ள 44 பிள்ளைகளை ஆராய்ந்து 1944இல் எழுதினார். யார்மேலும் ஒட்டுதலே இல்லாத பிள்ளைகள் 14 பேர். அதில் 12 பேர் சின்ன வயதில் தாயைப் பிரிந்து நெடுநாள் இருந்தவர்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு, அவரே பேசி அவரே முடிவு செய்தார் என்று பின்னால் குறை சொன்னார்கள். சரி, அது நியாயமான குறைதான். ஆனால் இதை நினைத்துப் பாருங்கள். பட்டியலில் உள்ள சமூகங்களின் பிள்ளைகள் திருடர்களாகிவிடக் கூடாது என்று அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளியில் வைக்க 1911 சட்டத்திலேயே இடம் இருந்தது. தாயைப் பிரித்தால் பிள்ளை கெடும் என்று லண்டனில் ஒரு மருத்துவர் எழுதியபோதும், பிள்ளை கெடாமலிருக்கத் தாயிடமிருந்து பிரி என்ற சட்டம் இங்கே நடைமுறையில்தான் இருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் சட்டம் போனது. நினைப்பு போகவில்லை. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும், அந்தப் பட்டியலில் இருந்த சமூகங்களான சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகப் பார்க்கும் குறிப்புகளையும் நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுக்க 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஒரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. சந்தேகம் பின்வரிசைப் பையன் ஒருவன்மேல் விழுந்தது. பையைக் கொட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ஆசிரியர் அறையில் ஒருவர், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்க போகும் புத்தி, ரத்தத்துல ஊறினதாச்சே” என்றார். அந்தப் பையன் வருகைப் பதிவேட்டை வைக்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பத்து நாள் கழித்து வீடு தேடிப் போனேன். அத்தை வீட்டுக்குக் கேரளாப் பக்கம் அனுப்பிவிட்டோம் என்றார்கள். அந்த ஜாமெட்ரி பாக்ஸ் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை. அந்த வார்த்தையைச் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். ரேகை வைத்தவரின் பேரன். ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுரையின் பெட்டிச் செய்திக்குப் ‘பரம்பரைக் குணம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அடுத்த இதழில் அதற்கு ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
உசிலம்பட்டி.