அவனை எங்கேயும் அனுப்ப முதல், அக்கா

அன்புள்ள அக்கா,

பதினேழு வயது மகனைத் தூர இடத்துப் போதை மறுவாழ்வு நிலையம் ஒன்றில் விடுவதா, கனடாவிலுள்ள தம்பியிடம் அனுப்புவதா என்று கேட்டிருந்தீர்கள். அவன் ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) என்ற போதைப்பொருளைப் பாவித்தாலும் பள்ளிக்கூடம் போகிறான், இரவில் வீட்டுக்கு வருகிறான். அப்படியென்றால் வீட்டில் வைத்துக்கொண்டே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் இலங்கையின் போதைப்பொருள் உதவித் தொலைபேசி 1927க்கு எடுத்துக் கேளுங்கள். இந்த வயதில் குடும்பமும் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைதான் கூடுதலாகக் கைகொடுக்கிறது. வெளியில் மூன்று மாதம் இருந்துவிட்டு அதே கூட்டாளிகளிடமும் எதுவும் மாறாத வீட்டுக்கும் திரும்பி வரும் பிள்ளை மறுபடி விழுவது லேசு.

ஐஸை விடவைக்கவென்று தனி மருந்து இல்லை. நிறுத்தியதும் ஒன்றிரண்டு கிழமை நித்திரை, பெரும் பசி, எரிச்சல், மனச்சோர்வு. சோம்பேறி என்று ஏசாதீர்கள், படுக்க விடுங்கள். ஆனால் தற்கொலை எண்ணம் வரக்கூடிய நாட்களும் இவைதான். வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல்களை இன்றைக்கே வேறு வீட்டில் கொடுத்துப் பூட்டி வையுங்கள்.

யாரோ பின்தொடர்கிறார்கள், குரல் கேட்கிறது என்றால் அன்றைக்கே வைத்தியசாலை. போதைக்காகப் போடும் பிரெகபலின் என்ற நரம்புவலிக் குளிசையோ தினக்குடியோ சேர்ந்திருந்தால் வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். தூளும் (ஹெரோயின்) பாவித்திருந்தால் இன்னொரு ஆபத்து. சில நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. மூச்சு மெதுவாகி உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் ஐஸ் இரண்டு முதல் நான்கு நாள்தான் தெரியும். அதனால் கிழமைக்கு இரண்டு தரமாவது பார்க்க வேண்டும். கஞ்சா அப்படியில்லை. தினமும் இழுத்தவனுக்கு ஒரு மாதம்கூடத் தெரியலாம், நிறுத்திய மூன்றாம் கிழமை அது தெரிந்தால் உடனே பொய்யன் என்று முடிவுகட்டாதீர்கள். சுத்தமாக வந்தால் அன்று பின்னேரமே போனுக்கு ஒரு ரீலோட், அல்லது அவனுக்குப் பிடித்த கறி. லஞ்சம் கொடுப்பதுபோல் உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து வாங்கித் தருவதாகச் சொல்லும் மோட்டார் சைக்கிளைவிட, அன்றைக்கே கையில் கிடைக்கும் சின்னப் பரிசுக்குத்தான் வலு அதிகம். பாவித்தது தெரிந்தால் அன்றைக்குப் பரிசு இல்லை, அவ்வளவுதான். அடியும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். அடித்தால் அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டான்.

வீடு பெரும்பாலும் பிசகுவது காசில்தான். தம்பி அனுப்பும் காசு அவன் கணக்குக்கோ போனில் காசு வாங்கும் ஈசி காஷுக்கோ போகக்கூடாது. அப்பா காசு தரமாட்டேன் என்று சொன்ன பிறகு அம்மம்மா இரக்கப்பட்டு ஒளித்துக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் முழு ஒழுங்கையும் குலைத்துவிடும். அதனால் அம்மம்மாவும் ஒருநாளாவது ஆலோசகர் முன்னால் இருக்கட்டும். முதலில் கிழமைக்கொரு தரமாவது என்று மூன்று முதல் ஆறு மாதம் போகவேண்டி வரும். இடையில் ஒருதரம் பாவித்துவிட்டால் கிளினிக்கை விடாதீர்கள், அந்தக் கிழமைதான் கட்டாயம் போகவேண்டிய கிழமை.

அவனுடைய தங்கச்சியைக் கொண்டு அவனை உளவு பார்க்காதீர்கள். டியூஷன் முடிந்து யாரோடு வருகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள் என்று சண்டையில்லாமல் தினமும் கேளுங்கள். அவளுக்கு இப்போதைக்கு அதுதான் பாதுகாப்பு.

முதல் நாள் போகும்போது அவன் அறையில் கிடைத்த வெறும் குளிசை மட்டைகள், பழைய கிளினிக் கொப்பி, கடைசி இரண்டு கிழமை அவன் படுத்து எழும்பிய நேரம் எழுதிய தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். கொஞ்ச நேரம் அவனைத் தனியே வைத்தியரோடு கதைக்க விட்டு நீங்கள் வெளியில் இருங்கள்.