மதர்போர்டு மாற்றித் தந்த லேப்டாப்பில் பயாஸ் பூட்டு: உடனே நீக்கித் தரக் கோரி புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 11.6 அங்குல லேப்டாப் (செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம்) எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்காக வாங்கப்பட்டது. இன்னும் வாரண்டியில்தான் இருக்கிறது. பில் நகலையும் ஜாப் ஷீட் நகலையும் இணைத்துள்ளேன். சர்வீஸ் சென்டரைக் கேட்டால் டோல் ஃப்ரீ எண்ணைக் காட்டுகிறார்கள், அங்கே கேட்டால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள், மின்னஞ்சலுக்கு "சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்று பதில் வருகிறது. அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதை எழுத்தில் தருகிறேன்.

பில்லில் இயங்குதளம் என்ற இடத்தில் "டாஸ்" என்று அச்சிட்டிருக்கிறது. விண்டோஸ் இல்லாமல் நீங்களே விற்ற மாடல் இது. வாங்கியவர் தன் விருப்பப்படி ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதானே அதன் பொருள்? லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பைப் போட்டிருந்தோம். வைஃபை, ஒலி, கேமரா எதிலும் குறையில்லை. கெட்டுப்போனது சார்ஜ் ஜாக்.

ஜாக்கின் நடு ஊசி ஆடியது. அடாப்டர் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 19 வோல்ட் சரியாக வந்தது. லேப்டாப்பை முழுக்க அணைத்துவிட்டுச் செருகினாலும் சார்ஜ் விளக்கு எரியவில்லை. அணைத்து வைத்திருக்கும்போது சார்ஜைக் கவனிப்பது போர்டில் இருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப். அந்நேரம் எந்த இயங்குதளமும் ஓடுவதில்லை. இந்த போர்டைச் செய்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் கோவை சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருந்தவர் மூடியைத் திறந்து மின்ட் லோகோவைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னது: "லினக்ஸ் போட்டிருக்கீங்கல்ல, அதான் சார்ஜ் ஏறல. வாரண்டி வராது." வாதாடி வாதாடித்தான் ஜாப் ஷீட் போட வைக்க முடிந்தது.

மதர்போர்டையே மாற்றித் தந்தார்கள். அதற்கு நன்றி சொல்லத் தயாராக இருந்தேன். திரும்பி வந்த மெஷினோ இப்படி இருக்கிறது: எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (மெஷின் எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) போகப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. எதிலிருந்து இயங்குதளத்தை எழுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் எஃப்12 பூட் மெனு வருவதேயில்லை. கேட்காமலே விண்டோஸ் 11 ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு உரிமம் இல்லை, திரையின் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று நிற்கிறது. டாஸ் மாடலுக்கு உரிமமில்லாத விண்டோஸைத் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட மையமே போட்டுத் தருவது தங்களுக்குச் சம்மதமா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும்.

பூட் மெனு இல்லாவிட்டாலும் விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, "யூஸ் எ டிவைஸ்" வழியாக யுஎஸ்பியில் இருந்து மின்ட்டை ஏற்ற முடிந்தது. கையொப்பமில்லாத இயங்குதளத்தை எழவிடாத செக்யூர் பூட் தடுக்கவில்லை. மின்ட்டை எழுப்பும் முதல் கோப்பான ஷிம்மில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருக்கிறது, தடுக்காதுதான். நிறுவல் பிழையில்லாமல் முடிந்தது. பூட் வரிசையைக் காட்டும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை "உபுண்டு" என்ற பூட் பதிவைப் (மின்ட் அந்தப் பெயரில்தான் பதியும்) பட்டியலின் முதலில் காட்டியது. ரீஸ்டார்ட் செய்தால் அந்தப் பதிவே இல்லை. "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்து நிற்கிறது. ஷிம்மை பூட்எக்ஸ்64 என்ற பெயரில் பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷனின் பூட் ஃபோல்டரில் வைத்தாலும் எடுத்துக்கொள்ளவில்லை. அதையே மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் விண்டோஸ் பூட் மேனேஜரின் பெயரில் வைத்து, பக்கத்தில் ஷிம் அடுத்து அழைக்கும் கிரப் கோப்பையும் வைத்தால் மறுபேச்சில்லாமல் மின்ட் எழுகிறது! ஆக, இந்த ஃபர்ம்வேர் (அதாவது பயாஸ்) தன்னிடம் பதிந்த பூட் வரிசையை மதிக்காமல் ஒரே ஒரு கோப்புப் பாதையைத்தான் தேடுகிறது. இக்கால பயாஸுக்கான பொது விதியான யூஇஎஃப்ஐ-யின்படி அது மதிக்க வேண்டும். பழைய போர்டு மதித்தது.

பெயர் மாற்றி ஓட்டிக்கொள்ளலாமே என்று உங்கள் பொறியாளர் சொல்லக்கூடும். மின்ட் அப்டேட் தன் ஃபோல்டரில் உள்ள ஷிம்மைத்தான் புதுப்பிக்கும். நாம் நகலெடுத்து வைத்தது பழையதாகவே கிடக்கும். பழைய ஷிம் தடைப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டில் உலகமே பார்த்தது: ஷிம் பழையதா என்று பார்க்கும் எஸ்பாட் சோதனை தோற்று, விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த எத்தனையோ இரட்டை பூட் மெஷின்கள் லினக்ஸைத் திறக்க மறுத்தன. பிள்ளைகள் உட்காரும் மெஷினை அப்படி ஒரு ஒட்டுப்போட்ட நிலையில் விட முடியாது.

இதையெல்லாம் டோல் ஃப்ரீ எண்ணில் விளக்க முயன்றபோது எதிர்முனையில் இருந்தவர் பேசிய பேச்சை மறக்க முடியவில்லை. "ஃப்ரீயா கிடைக்கிறத போட்டுட்டு எங்ககிட்ட வந்து நிக்கிறீங்க. விண்டோஸ் வாங்க முடியாதவங்க லேப்டாப் எதுக்கு சார் வாங்குறீங்க?" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பையும் துண்டித்தார். அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுபோனது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். அந்தக் கடைசிப் படியில்தான் உங்கள் லேப்டாப் நிற்கிறது. விலை குறைந்த மெஷின் வாங்கியவர்கள் லினக்ஸுக்குப் போவது ஏழ்மையின் அடையாளம் இல்லை, அறிவுள்ள முடிவு. அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பாஸ்வேர்டை நீக்கத் தனிக் கட்டணம் ஆகும் என்கிறார்கள். நாங்கள் வைத்த பாஸ்வேர்டா அது? போர்டில் உள்ள சிறு சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் போகாது, அது பயாஸ் பதிந்திருக்கும் எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரும் கிளிப்பும் வைத்து வெளியே யாரிடமாவது எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் சிப் 1.8 வோல்ட் வகையாக இருந்து 3.3 வோல்ட் நேராகப் போனால் கருகிவிடக்கூடும், பின்மூடியைத் திறந்தாலே வாரண்டி இல்லை என்றும் நீங்களே சொல்வீர்கள். பயாஸ் அப்டேட்டாவது செய்து பார்க்கலாம் என்றால் உங்கள் தளத்தில் விண்டோஸில் மட்டும் ஓடும் எக்ஸ்இ கோப்புதான் இருக்கிறது. லினக்ஸிலிருந்தே பயாஸ் அப்டேட் எடுக்க உதவும் எல்விஎஃப்எஸ் தளத்தில் இந்த மாடலே இல்லை.

மிகப் பெரிய இழப்பை இன்னும் சொல்லவில்லை. இஎம்எம்சி போர்டோடு பற்றவைத்தது. போர்டு போனால் அதில் இருப்பதும் போகும். ஹார்ட் டிஸ்க் என்றால் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார்கள். இதில் அந்த வழி கிடையாது. அந்தப் பழைய போர்டு இயங்கும் நிலையில்தான் இருந்தது, பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜில் ஒரு யுஎஸ்பி செருகி எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம். "டேட்டா எடுத்துக்கிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் தட்டச்சு செய்த பாடங்கள், வருகைப் பதிவு, ஆசிரியர்கள் தயாரித்த வினாத்தாள்கள் அத்தனையும் போயின. ஒரு தலைமுறையின் உழைப்பை அழித்துவிட்டீர்கள். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது ஈடாகாது.

நல்ல முறையில் முடித்துக்கொள்ளவே இப்போதும் விரும்புகிறேன். பயாஸ் பாஸ்வேர்டைக் கட்டணமில்லாமல் நீக்கி, பூட் வரிசையை மதிக்கும் ஃபர்ம்வேரை ஏற்றித் தாருங்கள். அதை யுஎஸ்பியிலிருந்தே ஏற்றக்கூடிய வடிவிலும் வெளியிடுங்கள். கழற்றிய பழைய போர்டை, எங்கள் தரவோடு, திருப்பித் தாருங்கள். லினக்ஸ் போட்டதால் வன்பொருள் வாரண்டி போகாது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். மெஷினை எடுத்துப்போக ஆள் அனுப்புங்கள். இனி பொள்ளாச்சியில் இருந்து நான் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். அதன்பின், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். பூட் பதிவு மறைவதைக் காட்டும் வீடியோவும் ஜாப் ஷீட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி