இசபெல் அரியணை ஏறியிருந்தால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது எழுத்தெல்லாம் கழுவி வைத்ததுபோல் தெளிவாகத் தெரிகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாயா, இல்லையா?

மன்னராட்சி ஒழிந்த ஏதாவது ஒரு நாட்டில் அது இன்றுவரை நீடித்திருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். எனக்கு உடனே பிரேசில்தான் நினைவுக்கு வந்தது. பேத்தி பள்ளிக்கூடத்துக்காக அந்த நாட்டுக் கொடியை வரைந்துகொண்டிருந்தாள். பச்சை என்றால் காடு, மஞ்சள் என்றால் தங்கம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 1822இல் அந்தக் கொடி பிறந்தபோது பச்சை அந்நாட்டின் முதல் பேரரசர் முதலாம் பெட்ரோவின் பிரகன்சா வம்சத்துக்கும், மஞ்சள் அவர் மனைவி லியோபோல்டினாவின் ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்கும் உரிய நிறங்கள். 1889இல் வந்த குடியரசு நடுவில் இருந்த மணிமுடியை எடுத்துவிட்டு நீல வட்டத்தை வைத்தது. நிறங்களை மாற்றவில்லை.

மணிமுடி ஏன் போனது என்பதுதான் என் மனதை விட்டுப் போகாத விஷயம். 1888 மே 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரரசர் இரண்டாம் பெட்ரோ ஐரோப்பாவில் நோயாகக் கிடக்கிறார். அவருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் இசபெல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். தங்கச் சட்டம் என்று அதற்குப் பெயர். மொத்தம் இரண்டே பிரிவுகள்: இன்று முதல் அடிமை முறை இல்லை, இதற்கு மாறான சட்டங்கள் செல்லாது. அவ்வளவுதான். ஏறத்தாழ 7 லட்சம் பேருக்கு விடுதலை. நஷ்டஈடு கேட்ட காப்பித் தோட்ட முதலாளிகளுக்கு ஒரு காசு கிடையாது. அவர்களில் பலர் மறுநாளே குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 'மே 14 குடியரசுக்காரர்கள்' என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர் வந்தது. ராணுவத்தினருக்கு ஏற்கெனவே வேறு மனக்குறைகள். ஒன்றரை வருடத்தில் கதை முடிந்தது.

சரி, கற்பனைக்கு வருகிறேன். 1889 நவம்பர் 15 அன்று மன்னராட்சியைக் கவிழ்க்கப் படையை நடத்திய மார்ஷல் டியோடோரோ டா ஃபொன்சேகா அதற்கு முந்தைய நாட்களில் நோய்ப்படுக்கையில் கிடந்தவர். பேரரசர் மேல் மதிப்பு உள்ளவர், கடைசிவரை தயங்கியவர். அன்று காலை அவர் படுக்கையை விட்டு எழவில்லை என்று வைத்துக்கொள். பெட்ரோ 1891இல் பாரிஸ் விடுதி அறையில் சாகாமல் ரியோவில் தன் வீட்டிலேயே கண்ணை மூடுகிறார். அடுத்து பேரரசி இசபெல். நிஜத்தில் அவர் இறந்தது 1921இல், பிரான்சில். அப்படியானால் தென் அமெரிக்காவின் மிகப் பெரிய நாட்டை முப்பது வருடம் ஒரு பெண் ஆண்டிருப்பார். பெட்ரோவுக்கே ஒரு பெண்ணின் ஆட்சியை இந்த நாடு ஏற்குமா என்ற சந்தேகம் இருந்தது. மகளை அவர் சரியாகத் தயார் செய்யவில்லை என்பது என் வருத்தம்.

இன்றைக்கு அந்த நாட்டில் தேர்தலில் வென்ற பிரதமர் ஆட்சி நடத்திக்கொண்டிருப்பார். 1847இலேயே அவர்களுக்குப் பிரதமர் பதவி வந்துவிட்டது. தலைநகர் பிரேசிலியாவாகவே இருந்திருக்கலாம். உள்நாட்டில் புதுத் தலைநகர் என்பதும் அந்தப் பெயரும் 1823இலேயே ஜோசே போனிஃபாசியோ என்ற அரசியல் தலைவர் சொன்னவை. நாடாளுமன்றம் கூடும் நாளில் பேரரசரோ பேரரசியோ டூக்கான் பறவையின் இறகால் செய்த அந்தத் தோள்போர்வையைப் போட்டுக்கொண்டு வந்து உரை படிப்பார். பெட்ரோ வாழ்ந்த சாவ் கிறிஸ்டோவாவ் மாளிகையில் இன்னும் ஆள் குடியிருக்கும். நிஜத்தில் அது தேசிய அருங்காட்சியகமாகி 2018 செப்டம்பரில் எரிந்துபோனது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் நண்பா, அரண்மனையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆந்திரே ரெபோசாஸ் என்ற மனிதர். கறுப்பினத்தவர், பொறியாளர், ரியோவின் கப்பல் துறைகளைக் கட்டியவர், அடிமை ஒழிப்புக்காக உழைத்தவர். விடுதலை மட்டும் போதாது, விடுதலை பெற்றவருக்கு நிலம் வேண்டும் என்று விடாமல் சொன்னார். 1889 மே மாதம் பெட்ரோ படித்த கடைசி அரியணை உரையிலும் இந்த எண்ணத்தின் சாயல் இருக்கிறது: ரயில் பாதையை ஒட்டி, உரிமையாளர்கள் பயன்படுத்தாமல் போட்டிருக்கும் நிலத்தை அரசு எடுத்துக் குடியேற்றங்களுக்குத் தரும் அதிகாரம் கேட்கிறார். ஆறு மாதத்தில் அரியணையே போய்விட்டது. ரெபோசாஸ் அரச குடும்பத்தோடு அதே கப்பலில் நாட்டை விட்டுப் போனார். திரும்பவே இல்லை. 1898இல் மதீரா தீவில் ஒரு பாறைச் சரிவின் அடியில் அவர் உடல் கிடந்தது.

என் கற்பனைப் பிரேசில் அந்த ரயில் பாதையோரத்தில்தான் தொடங்குகிறது. அந்த நிலம் மட்டும் கைக்கு வந்திருந்தால் இரண்டு, மூன்று தலைமுறை வேறு மாதிரி வாழ்ந்திருக்கும். அது நடந்திருக்குமா? நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அடிமை முறையை 66 வருடம் வைத்திருந்ததும் இதே பேரரசுதான். 1881இல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வாக்கைப் பறித்ததும் இதுவே. குடியரசு அதை அப்படியே பிடித்துக்கொண்டு 1985இல்தான் திருப்பிக் கொடுத்தது. மணிமுடி இருந்தால் 1964இல் ராணுவ ஆட்சி வந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். 1981இல் ஸ்பெயின் மன்னர் ராணுவப் புரட்சியைத் தடுத்தார், உண்மைதான். 1922இல் இத்தாலி மன்னர் முசோலினியைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தாரே! அதனால் அந்தப் பேச்சை நான் நம்பவில்லை.

குடியரசு தன் முதல் ஆணையிலேயே இந்த ஏற்பாடு தற்காலிகமானது, மக்கள் முடிவு சொல்லட்டும் என்று எழுதியது. மக்களைக் கேட்டது 1993இல். நூறு வருடத்துக்கு மேல் கழித்து! மன்னராட்சிக்கு விழுந்தது பத்தில் ஒரு பங்கு சொச்சம் வாக்குகள்தான்.

பாரிஸில் பெட்ரோ இறந்த அறையில் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே பிரேசில் மண். வெளியூரில் செத்தால் இதைச் சவப்பெட்டியில் வைக்கவும் என்று எழுதி வைத்திருந்தார். நாட்டை விட்டு அனுப்பும்போது குடியரசு கொடுத்த பெரும் பணத்தை வேண்டாம் என்ற மனிதர், கூடவே கொண்டு போனது அந்த மண். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

பேத்திக்குப் பழைய கொடியையும் காட்டினேன். மணிமுடிக்குக் கீழே ஒரு பக்கம் காப்பிக் கிளை, மறுபக்கம் புகையிலை. காப்பிப் பழங்களுக்குச் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக நிறம் தீட்டினாள். "இதையெல்லாம் யார் தாத்தா பறிப்பாங்க?" என்று கேட்டாள். கதை சொல்ல ஆரம்பித்தேன், சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

உன் முழங்காலுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது. இசபெல் ஆண்டிருந்தால் அந்த நிலம் கிடைத்திருக்குமா என்பதில் உன் எண்ணம் என்ன என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்