பெட்ரோல் காரை வீட்டில் ஹைபிரிடாக மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து தள்ளும் காரே ஹைபிரிட். அந்த மோட்டாரை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வாங்கிய பிறகு என்றால், கையில் இருக்கும் மோட்டாருக்கு ஏற்றபடி காரை வெட்டத் தோன்றும். பெரும்பாலான மாற்றங்கள் கெடுவது அந்த இடத்தில்தான். இந்த வேலை வீட்டில் செய்யக்கூடியதே. காரை மின்சாரத்தால் தள்ளுவதில் பெரிய சிரமமும் இல்லை. தள்ளுவதை உரிய நொடியில் நிறுத்துவதும், பிரேக்கின் வேலையைக் கெடுக்காமல் ஆற்றலைத் திரும்ப எடுப்பதும்தான் சிரமம். உங்கள் நேரத்திலும் பணத்திலும் பெரும்பங்கை அந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 32 வாட்-மணி. பிரேக் போடுகையில் அத்தனையையும் பிடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மோட்டார், கன்ட்ரோலர் (மோட்டாருக்கான மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பேட்டரி வழியாக உள்ளே போய், அதே வழியில் சக்கரத்துக்குத் திரும்பும்போது 20 வாட்-மணிக்கும் குறைவாகவே மிஞ்சும். அந்த வேலையை எஞ்சினே செய்ய 6 முதல் 9 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆகும். அடிக்கடி நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் இந்தச் சேமிப்பு கூடிக்கொண்டே போகும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்குக் கூடுதல் எடைதான் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியும் சேமிப்பு வேண்டுமென்றால் பேட்டரியை வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்ய வேண்டும். 5 யூனிட் பேட்டரியில் 4 யூனிட்டைப் பயன்படுத்தினால், நகர வேகத்தில் ஏறக்குறைய 30 கி.மீ. தூரத்துக்குத் தள்ளுவிசை கிடைக்கும். அப்போதும் எஞ்சின் தன்னைச் சுற்றிக்கொள்ளத் தேவையான பெட்ரோலை எரித்துக்கொண்டுதான் இருக்கும். "அப்படியானால் ஓடும்போதே எஞ்சினை அணைத்துவிடலாமே" என்று கேட்பீர்கள். வேண்டாம். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தருவது எஞ்சின். அது நின்றால் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங்கும் இறுகும். சாவியையே திருப்பிவிட்டால் ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போகலாம்.

எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டரின் (காரின் ஜெனரேட்டர்) மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து அந்த வாயுவை எஞ்சினுக்கு அனுப்பும் 'ஹைட்ரஜன் ஹைபிரிட்' கருவிகளில் பணம் போடாதீர்கள். பிரிக்கச் செலவாகும் ஆற்றல், எரித்துப் பெறுவதைவிட எப்போதும் அதிகம்.

எந்த அமைப்பு? முன்சக்கர இழுவைக் காரென்றால் எஞ்சினைத் தொடாமல் பின்சக்கரங்களுக்கு மோட்டார் கொடுப்பதே நேரான வழி. பின்சக்கர இழுவைக் காரில் புரொப்பெல்லர் ஷாஃப்டை பெல்ட் மூலம் சுழற்றலாம். ஷாஃப்டில் கைவைத்தால் திரும்பவும் பேலன்ஸ் செய்தே ஆக வேண்டும். ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் பெல்ட் மோட்டார் வைப்பது பார்வைக்கு எளிது. ஆனால் மோட்டார் இழுக்கும்போது பெல்ட்டின் தொய்ந்த பக்கம் விறைக்கும், விறைத்த பக்கம் தொய்யும். பெல்ட்டை இறுக்கி வைக்கும் பழைய டென்ஷனர் ஒரு பக்கத்துக்கு மட்டுமே ஆனது. பெல்ட் வழுக்கிக் கதறும். இருபுறமும் தாங்கும் டென்ஷனர் கட்டாயம்.

சக்கரத்துக்குள்ளேயே பொருந்தும் ஹப் மோட்டாருக்கு இடம் போதவில்லை என்று பின்பிரேக்கையோ ஹேண்ட்பிரேக்கையோ கழற்றும் யோசனை வந்தால், அந்த மோட்டார் உங்கள் காருக்கு ஆகாது. இதில் சமரசமே கூடாது.

நிரந்தரக் காந்த மோட்டாரில், பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கார் எஞ்சினால் வேகமாக ஓடும்போது, மோட்டார் தானாகவே ஜெனரேட்டராகிவிடும். உதாரணத்துக்கு, சக்கரத்தில் நேரடியாகப் பொருத்திய மோட்டார் வோல்ட்டுக்கு 15 சுற்று (நிமிடத்துக்கு 15 சுற்று சுழன்றால் ஒரு வோல்ட்) என்று இருக்கட்டும். சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. மணிக்கு 87 கி.மீ. வேகத்திலேயே அது கீழே சொல்லும் பேட்டரியின் அளவான 51 வோல்ட்டை எட்டும், 120 கி.மீ. வேகத்தில் 70 வோல்ட்டைத் தாண்டும். கன்ட்ரோலரை அணைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்களின் (மின்னணு சுவிட்சுகள்) டயோடுகள் வழியாக அந்த மின்சாரம் பேட்டரிக்குப் பாயும். பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். மிரண்டு இணைப்பைத் துண்டித்தால், போக்கிடமில்லாத வோல்டேஜ் கன்ட்ரோலரை எரிக்கும். எரிந்த மாஸ்ஃபெட்கள் ஷார்ட் ஆனால், நீங்கள் மிதிக்காமலே பின்சக்கரத்தில் பிரேக் விழும். ஆகவே காரின் உச்ச வேகத்திலும் மோட்டாரின் வோல்டேஜ் பேட்டரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வோல்ட்டுக்கு 25 சுற்று மோட்டார் என்றால் 120 கி.மீ. வேகத்தில் 42 வோல்ட்டோடு நிற்கும். அதே தள்ளுவிசைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கரன்ட் கேட்கும் என்பது அதற்கான விலை. கியருடன் கூடிய இன்டக்‌ஷன் மோட்டாரில் இந்தத் தொல்லை இல்லை; அணைத்தால் அதில் காந்தப்புலம் இராது.

பேட்டரிக்கு 16 எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்களைத் தொடராக இணைப்பதே எங்கள் பரிந்துரை. சராசரி 51.2 வோல்ட், முழு சார்ஜில் 58.4 வோல்ட். 60 வோல்ட் டி.சி.க்கு மேலானதை ஐ.நா.வின் ஆர்100 விதி உயர் அழுத்தமாகக் கருதுகிறது. அந்த எல்லைக்குள் இருப்பது வீட்டு வேலைக்கு நல்லது. ஆனால் வோல்டேஜ் குறைவு என்றால் கரன்ட் அதிகம். 10 கிலோவாட்டுக்கு 200 ஆம்பியர் ஓடும். 70 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடுங்கள். 200 ஆம்பியர் ஓடும் ஓர் இணைப்பில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே 40 வாட் வெப்பம் பிறக்கும். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்கில் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) அதைவிட அதிகத் தடை இருக்கலாம். லக்கை அழுத்திப் பொருத்தும் ஹைட்ராலிக் கிரிம்பர் வாடகைக்காவது வேண்டும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள்.

ஃபியூஸ் டி.சி.க்கு உரியதாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஏ.சி. மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியைத் தொடுவதால் அதில் தீப்பொறி அணையும்; டி.சி.யில் அணையாமல் தொடரும். பேட்டரியை இணைக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை நேராகப் போட்டால் கன்ட்ரோலரின் கெபாசிட்டர்கள் ஒரே கணத்தில் கரன்ட்டை உறிஞ்சும், முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாவியை அணைத்தாலும் மின்சாரம் நிற்காது. 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக முதலில் நிரப்புங்கள். 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்கு 5 நொடி போதும்.

பேட்டரிப் பெட்டி மோதலில் பறக்கக் கூடாது. 40 கிலோ பெட்டி 20 ஜி (புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு) அதிர்வில் 800 கிலோ விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். வெறும் தகரத் தரையில் போல்ட் போடாமல், அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்து இறுக்குங்கள்.

இனி மீட்பு பிரேக்கிங், அதாவது மோட்டாரை ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைத்து ஆற்றலைத் திரும்ப எடுப்பது. பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். அங்கே மோட்டாரும் பலமாக இழுத்தால், ஈரமான வளைவில் வண்டியின் பின்புறம் சுழலும். 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் ஹைட்ராலிக் பிரேக்கையும் மோட்டாரையும் கணினியால் ஒருங்கிணைத்தது. வீட்டில் அதைச் செய்ய முயலாதீர்கள். இழுவையைச் சிறிதாக வைப்பதுதான் நமக்கான வழி. 1,200 கிலோ காருக்கு 0.05 ஜி என்பது இரு பின்சக்கரங்களுக்கும் சேர்த்து 175 நியூட்டன் மீட்டர். அது 50 கி.மீ. வேகத்தில் 8 கிலோவாட் அளவு. ஆனால் கன்ட்ரோலரில் 8 கிலோவாட் என்று பவருக்கு வரம்பு வைத்தால், 20 கி.மீ. வேகத்தில் அதே பவர் இரண்டரை மடங்கு விசையாகும். வரம்பு டார்க்குக்கே (சுழற்றும் விசைக்கே) இருக்கட்டும். பேட்டரி 85 விழுக்காட்டைத் தாண்டினாலும், செல் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனாலும் மீட்பு முழுவதும் நிற்க வேண்டும். முதலாவதில் பி.எம்.எஸ். நடுவில் துண்டித்துவிடும், இரண்டாவதில் செல்லுக்குள் லித்தியம் படியும்.

தள்ளுவிசை எப்போது சுழியாக வேண்டும்? பிரேக் பெடலைத் தொட்டதும், கிளட்ச் மிதித்ததும், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கையில், பி.எம்.எஸ். பிழை காட்டுகையில். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். விழித்ததும் தள்ளுதல், மீட்பு இரண்டுமே நிற்க வேண்டும். ரிவர்ஸை மறந்துவிடுவார்கள்: எஞ்சின் பின்னால் இழுக்க, மோட்டார் முன்னால் தள்ளும். பிரேக் சிக்னலுக்கு நேரடி வயர் போடுங்கள், காரின் பழுதறியும் ஓ.பி.டி. துளையில் கேட்டுப் பெறுவது தாமதமாகும். ஆக்சிலரேட்டர் சென்சாரின் கிரவுண்ட் வயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறும். கன்ட்ரோலர் அதை முழு மிதியாக எடுத்துக்கொள்ளும். 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்கு வெளியே எது வந்தாலும் சுழி என்று அமைத்துவிடுங்கள்.

சாலைக்குப் போகும் முன், பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அணை கொடுத்து, மோட்டார் சுழலும்போதே ஒவ்வொரு சிக்னல் வயராகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினாலும் சக்கரத்தின் மேல் விசை நின்றாக வேண்டும். ஒன்றில் நிற்காவிட்டாலும் அதைச் சரிசெய்யாமல் வண்டியைக் கீழே இறக்காதீர்கள்.

காரை வெட்டும் முன்பே பதிவு அதிகாரியிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வயரிங் வரைபடமும் ஃபியூஸ் அளவும் கையோடு கொண்டுபோனால் அவர்களுக்கும் முடிவெடுப்பது எளிது. பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காரின் வெளியே தெளிவாக எழுதி ஒட்டிவையுங்கள். விபத்து நடந்தால் உங்களை மீட்க வருகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகன மின்மாற்று வேலையில் இருப்போர் சிலர்