தேயிலை மணத்தை விட்டுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெஞ்சு வாசனைத் திரவியக் கலைஞர் ழான் குளோட் எலெனாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை மிகுந்த விருப்பத்துடன் வாசித்தேன். கிராஸ் நகரில் 1947இல் பிறந்து, 16ஆவது வயதில் அங்குள்ள வாசனைத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் ஜெனீவாவில் ஜிவோதான் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் கற்று, 2004 முதல் 2016 வரை எர்மெஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அவரது வாழ்க்கையைக் கட்டுரையாளர் தெளிவாக எழுதியிருக்கிறார். அஸ்வானில் நைல் நதியோரத்து மரங்களில் தொங்கிய மாங்காய்களின் மணம் 2005இல் வெளிவந்த திரவியத்துக்குக் கருவானதையும் அவர் சொல்லத் தவறவில்லை. ஆனால் எலெனாவின் பெயரை நிலைநாட்டிய மணங்களுள் முக்கியமானது தேயிலை என்பது ஒரு வரியிலேனும் வராதது, கொழுந்து மணக்கும் ஊரிலிருந்து வாசிக்கும் எனக்குப் பெருங்குறையாகப்பட்டது.

பாரிஸ் நகரின் பெயர்பெற்ற தேயிலைக் கடையொன்றில் பலவகைத் தேயிலைகளை முகர்ந்து பார்த்த அனுபவத்திலிருந்தே, 1990களின் தொடக்கத்தில் புல்கரி நிறுவனத்துக்காக அவர் பச்சைத் தேயிலை மணத்தை ஆக்கினார். அதன் பின்னர் தேயிலை மணம் வாசனைத் திரவியங்களில் ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. மல்லிகையின் சாயல்கொண்ட ஹெடியோன், வயலட் மலரின் மணமுடைய அயனோன் என்ற இரு இரசாயன மணப்பொருள்களைச் சேர்த்தே அந்தத் தேயிலை மணத்தை அவர் எழுப்பினார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஏனெனில் அயனோனின் ஒரு வகையான பீட்டா அயனோன் நம் தேயிலையிலும் இருக்கிறது. கொழுந்திலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் பதப்படுத்தலின்போது சிதைவதால் அது உண்டாகிறது. எலெனா ஆய்வுகூடத்தில் தேடிச் சேர்த்ததன் ஒரு பகுதி, இலங்கை மலையகத்தின் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் அன்றாடம் தொழிற்சாலைக் கூரைக்கடியில் உருவாகிக்கொண்டிருக்கிறது.

பண்டாரவளை அமைந்துள்ள ஊவா மாகாணத்தின் தேயிலையை இங்கே சிறப்பாகச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வறண்டு வீசுகிறது. அந்தக் காலத்துக் கொழுந்தில், வலிக்குப் பூசும் தைலங்களில் நாம் அறிந்த மெத்தில் சாலிசிலேட் மிகுந்திருப்பதால், ஊவாத் தேயிலைக்கு வேறெதற்கும் இல்லாத குளிர்ந்த மணம் வாய்க்கிறது. இதை ஆய்வுக் கருவி இன்றி மூக்கினாலேயே கண்டறிந்து, நொதித்தலை எப்போது நிறுத்தி இலையைச் சூட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர் டீமேக்கர். சற்றுத் தாமதித்தாலும் மணம் மங்கிவிடும். வாட்டும் தட்டுகளில் இரவு முழுவதும் கொழுந்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர்களிடமும் இந்த நுண்ணறிவு இருக்கிறது. அதற்கு நாம் இன்னும் உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மணத்தை அறியும் திறன் பிறவி வரம் என்ற தொனி கட்டுரையில் இருக்கிறது. எலெனாவின் தந்தையும் அதே தொழிலில் இருந்தவர் என்பது உண்மையே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் மூலப்பொருள்களை முகர்ந்து நினைவில் இருத்தி, பின் வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, குறைந்த பொருள்களில் சுருக்கமாகக் கலவை எழுதப் பழகிய பயிற்சியே அவரை உருவாக்கியது. அத்தகைய பயிற்சி எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாததன்று. தேயிலையோடு ஏலமும் கறுவாவும் யூக்கலிப்டஸும் சூழ வளர்பவர்களுக்கு, வாசனைத் துறை என்றொரு தொழில் உலகில் உண்டு என்பதை எவராவது எடுத்துச் சொன்னால் போதும். ஆர்வமுள்ளவர்கள் இரசாயனப் பாடத்தையும் வேறு கண்ணோடு படிப்பார்கள்.

ஆகவே, எலெனாவின் தேயிலைப் பணியைப் பற்றி ஒரு தொடர்ச்சிக் கட்டுரையையும், அதனருகே மலையகத்தின் ஓய்வுபெற்ற டீமேக்கர்கள் சிலரின் நேர்காணல்களையும் வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நேர்காணலில் அவர்களிடம் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் கேட்பதோடு, எந்த மாதத்து இலை எப்படி மணக்கும் என்பதையும் விரிவாகக் கேட்டு எழுத வேண்டும்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
பண்டாரவளை.