பத்தாம் ஆண்டு ஹஃப்லாவுக்கு முன் மகளுக்கு

அன்புக் கண்ணு,

உன் வயிற்று நடன வகுப்பின் பத்தாம் ஆண்டு ஹஃப்லாவுக்கான நிகழ்ச்சி நிரல் வந்து சேர்ந்தது. 22 உருப்படி போட்டிருக்கிறாய். கூட்டிப் பார்த்தாயா? ஒன்றுக்கு 4 நிமிடம் என்றாலே 88 நிமிடம். ஆள் மாற, பெயர் சொல்ல, பாட்டுத் தொடங்க ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் சேர்த்தால் 110. இடைவேளைக்கு 20. நன்றியுரையும் பத்து வருடப் படக்காட்சியும் அதற்கு மேல். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் குளிரில், பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்த கூட்டம் கடைசியில் எழுந்து ஆடாது. கார் சாவியைத்தான் தேடும்.

நீ போட்டிருப்பது அரங்கேற்றத் திட்டம். ஹஃப்லா என்றால் அரபியில் விருந்து, கொண்டாட்டம். வந்தவர்களும் ஆட வேண்டும், ஆடினவர்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதனால் 14 உருப்படி போதும். முதல் பாதியில் 7, இரண்டாம் பாதியில் 7. ஒவ்வொரு பாதி முடிந்ததும் தளத்தைத் திறந்துவிட்டு மூன்று பாட்டு போடு. நாற்காலிகளை சினிமாக் கொட்டகை மாதிரி வரிசையாகப் போடாமல் மூன்று பக்கமும் வளைத்துப் போடு. நடுவில் 6 மீட்டருக்கு 5 மீட்டர் காலியாக இருந்தால் எட்டுப் பேர் குழு தாராளமாக ஆடும். நடனம் முடிந்ததும் ஜனங்களும் இரண்டு அடி வைத்தால் தளத்துக்கு வந்துவிடலாம். நாலு வரிசை நாற்காலியைத் தாண்டி வர யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

வரிசையைப் பற்றி ஒன்று. புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் ஆடவிட்டு முடித்துவிடலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். அது தப்பு. அவர்கள் வரும்போது கூடத்துக்குச் சூடு ஏறியிருக்காது, கைதட்டலும் பழகியிருக்காது. முதலில் அனுபவக் குழுவின் விரல்தாள (விரலில் மாட்டித் தட்டும் சிறு பித்தளை வட்டு) நுழைவு, இரண்டாவதாகப் புதியவர்கள். ஒரே ஆள் இரண்டு உருப்படியில் இருந்தால் நடுவில் குறைந்தது மூன்று உருப்படியாவது இடைவெளி விடு. உடை மாற்ற 15 நிமிடம் கண்டிப்பாக ஆகும். வியர்த்த உடம்பில் கொக்கி மாட்டுவது லேசான வேலை இல்லை.

புதியவர்களுக்கு இரண்டரை நிமிடப் பாட்டு போதும். இடுப்பைச் சட்டென்று கீழே போடும் இடுப்புச் சொட்டு, இடுப்பால் எட்டு வரையும் கிடைமட்ட எட்டு, வயிற்றை அலையாக ஓட்டும் வயிற்றலை, இடுப்பு வேகமாக நடுங்கும் ஷிம்மி ஆகிய நாலே அசைவை நன்றாகச் செய்தால் கூடம் எழுந்து நிற்கும். மேடைப் பயம் வந்ததும் முதலில் பூட்டிக்கொள்வது முட்டிதான். முட்டி விறைத்தால் ஷிம்மி செத்துப்போகும், ஏனென்றால் அந்த நடுக்கம் இடுப்பில் பிறப்பதில்லை, முட்டிகள் மாறி மாறி மடங்கி நீள்வதில் பிறக்கிறது. இரண்டாவதாகக் கெடுவது முதுகு. நெஞ்சைத் தூக்கச் சொன்னால் இடுப்புக்கு மேலே முதுகை வளைத்துவிடுவார்கள், மறுநாள் வலிக்கும். வால் எலும்பு தரையைப் பார்க்கட்டும் என்று சொன்னாலே பாதி சரியாகிவிடும். கூடம் குளிராக இருக்கும், 15 நிமிடம் உடம்பைச் சூடேற்றாமல் யாரையும் தளத்துக்கு அனுப்பாதே.

அமெரிக்கப் பாணிக் குழு ஒன்றும் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். 1987இல் சான்பிரான்சிஸ்கோவில் கரோலீனா நெரிச்சியோ தொடங்கிய குழுவில் வளர்ந்த பாணி அது. நடனம் முன்கூட்டி அமைத்ததில்லை. தலைவி சைகை காட்டுவாள், மற்றவர்கள் தொடர்வார்கள். ஆடுபவர்கள் இடது மூலையைப் பார்த்துச் சாய்ந்து நிற்பதால் தலைவி தங்கள் இடது முன்பக்கத்தில் இருந்தால்தான் எல்லார் கண்ணிலும் படுவாள். உன் வரைபடத்தில் அந்தப் பக்கம்தான் ஒலிபெருக்கி இருக்கிறது. அதை நகர்த்து.

இனி தாளம். உன் மாணவிகள் ஒன்று முதல் எட்டு வரை எண்ணியே ஆடுகிறார்கள், எனக்கு இதில்தான் கவலை. கோப்பை வடிவ மேளமான தர்புகாவில் இரண்டே சொல்: தோலின் நடுவில் விழும் கனத்த அடி தும், ஓரத்தில் விழும் கூரான அடி தெக். மிருதங்கம் கேட்ட காதுக்கு இதில் சிரமமே இல்லை. மக்சூம் என்ற தாளம் தும் தெக் – தெக் தும் – தெக் – (கோடு போட்ட இடத்தில் அடி இல்லை). அதே எட்டு இடத்தில் முதல் இரண்டும் தும் ஆகிவிட்டால் பலடி: தும் தும் – தெக் தும் – தெக் –. இரட்டைத் தும் நடுவுக்கு நகர்ந்தால் சயீதி: தும் தெக் – தும் தும் – தெக் –. எண்ணிக்கையில் மூன்றும் எட்டுதான். எண்ணி ஆடுபவளுக்கு வித்தியாசமே தெரியாது. சயீதியில் நடுவிலே இரண்டு கனம் விழும்போது அவள் இடுப்பு காற்றில் இருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து நிமிடம், வாயால் சொல்லிக்கொண்டே நடக்கவிடு. அடவு எதுவும் வேண்டாம், வெறும் நடை. மூன்று வாரத்தில் காது திறந்துவிடும்.

துருக்கியக் கர்ஷிலமா நடனம் ஒன்றும் நிரலில் இருக்கிறது, ஒன்பது எண்ணிக்கை. நம் வீட்டுப் பழக்கத்தில் கர்நாடக சங்கீதத்துச் சங்கீர்ணம் என்று நினைத்து தகதிமி தகதகிட போட்டுச் சொல்லிக்கொடுத்துவிடாதே. அது 4+5. கர்ஷிலமா 2+2+2+3: தக தக தக தகிட. கடைசி மூன்றில்தான் அந்த நொண்டித் துள்ளல் இருக்கிறது. அதை நாலாக இழுத்தால் பாட்டு முன்னே ஓடிவிடும்.

கைத்தடி ஆடுகிறவர்கள் சயீதி தாளத்துக்குத்தான் ஆட வேண்டும். சயீத் என்பது மேல் எகிப்து, அதாவது நாட்டின் தெற்குப் பகுதி. அங்கே ஆண்கள் ஆடும் தஹ்தீப் என்ற கம்பு விளையாட்டிலிருந்து வந்தது பெண்களின் தடி நடனம். தஹ்தீபை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சிலம்பம் பார்த்து வளர்ந்தவளுக்குக் கம்பைச் சுற்றச் சொல்லித்தர வேண்டாம், சுற்றாமல் இருக்கத்தான் சொல்லித்தர வேண்டும். தோளில் வைப்பது, தரையில் தட்டுவது, விளையாட்டாக நீட்டுவது, அவ்வளவுதான். மூன்று பேர் ஆடினால் ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் விட்டு நிற்கட்டும். முன்வரிசையில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், மறந்துவிடாதே.

விரல்தாளம்: ஆளுக்கு நாலு வட்டு, எட்டுப் பேருக்கு 32. மரத்தளமும் உயரக் கூரையும் இருக்கிற கூடத்தில் 32 பித்தளை வட்டும் ஒரே நேரத்தில் அடித்தால் பாட்டு காதில் விழாது. நுழைவுக்கு மட்டும் எல்லாரும் வாசிக்கட்டும், பிறகு இரண்டு பேர் போதும். கட்டைவிரலிலும் நடுவிரலிலும் எலாஸ்டிக் நகத்தின் அடிக்கும் முதல் கணுவுக்கும் நடுவில் இறுக்கமாக உட்கார வேண்டும். தளர்ந்தால் வட்டு புரண்டு சத்தமே வராது. எலாஸ்டிக் ஒரு வருடத்தில் இளகிவிடும், எல்லாவற்றையும் இப்போதே மாற்று.

தர்புகா வாசிக்க ஆள் கிடைத்திருப்பது நல்லது. தோல் மேளமா பிளாஸ்டிக் மேளமா என்று கேட்டாயா? ஈரக்காற்றில் தோல் தளர்ந்து தும் மழுங்கிப்போகும். தோல் என்றால் வாசிக்கும் வரை ஹீட்டர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ஒட்டி வைத்தால் வெடிக்கும். மைக் இரண்டு வேண்டும். ஒன்று முகப்புக்கு ஒரு சாண் தள்ளி, தெக் பிடிக்க. இன்னொன்று கீழ்வாயில், தும் பிடிக்க. ஒரே மைக்கை மேலே மட்டும் வைத்தால் கூடத்துக்குக் கேட்பது தகரச் சத்தம்தான். வாசிப்பவரை ஆடுபவளின் இடுப்பு தெரிகிற பக்கவாட்டில் உட்காரவை. இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது மூன்று: தொடக்க வேகம், ஒவ்வொரு வாக்கியமும் எத்தனை முறை, முடிக்கும் சைகை. மூன்று நிமிடத்துக்கு மேல் தனித் தர்புகாவுக்கு ஆடினால் ஆடுபவளுக்கு மூச்சு தீரும், பார்ப்பவர்களுக்குப் பொறுமை தீரும். இதைக் கடைசியாக வை. அந்தச் சூட்டிலேயே தளம் திறக்கட்டும்.

பதிவுப் பாட்டு எல்லாவற்றையும் பத்து நாள் முன்னாடியே வாங்கி, 01, 02 என்று எண் போட்டு ஒரே மடிக்கணினியில் இறக்கிவை. நேரலையில் இணையத்திலிருந்து போடாதே, கூடத்து வைஃபை நம்பத்தக்கதல்ல. அதே தொகுப்பு ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். எல்லாப் பாட்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவா. 1960களின் கெய்ரோ பதிவுக்குப் பின்னாலேயே புது ரீமிக்ஸ் வந்தால் காது கிழியும். எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் பாட்டுகள் மேடையில் ஒரு மணி நேரம் போனவை. நாலு நிமிடத்துக்கு வெட்டும்போது பாடகியின் சொல் பாதியில் அறுபடாமல் வாத்திய வாக்கியத்தின் முடிவில் வெட்டு. தனியாக ஆடுகிற ஒவ்வொருத்தியையும் பாட்டின் பொருளைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி எழுதித் தரச் சொல். பிரிவைப் பாடி அழுகிற பாட்டுக்குப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஆடினால், கூடத்தில் இருக்கும் எகிப்தியப் பாட்டிக்கு எப்படி இருக்கும்? தொழுகை அழைப்புக் கலந்த ரீமிக்ஸ் ஏதாவது இருந்தால் யோசிக்காமல் நீக்கிவிடு.

உன் வரவேற்புரையில் 5000 வருடத் தேவதைக் கோயில் நடனம் என்று இருக்கிறது. அடித்துவிடு, ஆதாரம் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியதே சுவையாக இருக்கிறதே! 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா நடனப் பெண்களைக் கெய்ரோவிலிருந்து மேல் எகிப்துக்குத் துரத்தினான். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி இந்த ஆட்டத்தை அமெரிக்காவில் பரபரப்பாக்கியது. வயிற்று நடனம் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. அரபியில் ரக்ஸ் ஷர்கீ, கீழை நடனம். 1926இல் பதீஆ மஸாப்னி கெய்ரோவில் திறந்த கேளிக்கை அரங்கில்தான் இன்று நாம் மேடையில் பார்க்கும் வடிவம் உருவானது. தஹியா கரியோக்கா, சாமியா கமால் இருவரும் அங்கே ஆடி வந்தவர்கள். 1959இல் மஹ்மூத் ரெதா குழு கிராமிய ஆட்டங்களை அரங்கத்துக்கு ஏற்ப அமைத்தது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பத்து வருடப் படக்காட்சியை மேடையில் ஓட்டாமல் சாப்பாட்டு மேசைப் பக்கச் சுவரில் சத்தமில்லாமல் ஓடவிடு.

உடை. இடுப்புப் பட்டையைக் கொக்கியை மட்டும் நம்பிக் கட்டாதே. இரு பக்கமும் பின்னாலும் உள்ளிருந்து பெரிய ஊக்குக் குத்திப் பாவாடையோடு சேர்த்துவிடு, இல்லையென்றால் ஷிம்மியில் பாவாடை ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம் போகும். மேல்சட்டையின் பட்டி கழுத்தில் முடிச்சிட்டிருந்தால் மணிகளின் கனம் முழுவதும் கழுத்துக்கு வரும், முதுகில் குறுக்காகப் போகும்படி மாற்றித் தை. ஆடி முடித்தவர்கள் கூடத்துக்குள் வரும்போது மேலே காஃப்தான் என்ற தொளதொள மேலங்கி கட்டாயம். இது வெறும் மரியாதைக்கு மட்டுமில்லை. பீட்ரூட் ஹம்முஸ் கறை மணிவேலையிலிருந்து போகவே போகாது. படம் எடுக்க யார் யாருக்குச் சம்மதம் என்று முன்பே கேட்டு எழுதிவை. சிலர் வீட்டில் சொல்லாமல்தான் வகுப்புக்கு வருகிறார்கள்.

தளத்தில் ஊக்கும் உடைந்த மணியும் விழும், எல்லாரும் வெறுங்காலில். இரண்டு உருப்படிக்கு ஒரு முறை ஈரத்துணி போட்ட துடைப்பான் ஓடட்டும், அதற்கு ஒரு ஆளைத் தனியாக நியமி. நிஜ மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி மெழுகுவத்தி போதும். வாள் ஆடுகிறவள் கூர் மழுங்கிய வாளாகப் பார்த்து, தலையில் உட்காரும் இடத்தில் கொஞ்சம் தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளட்டும்.

கூடத்துக்காரர்கள் 2 கோடி டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள், பொது இடத்தில் பாட்டுப் போட ஒன்மியூசிக் உரிமம் இருக்கிறதா பார். சாப்பாடு ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவரும் ஏற்பாடுதானே? குளிர்பெட்டியில் இருக்க வேண்டியது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் திரும்ப உள்ளே வைக்காதே, நாலு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடு.

கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டம் பிடித்தால் சத்தம் போடலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடு. அரபுப் பெண்கள் எழுப்பும் ஸகாரீத் நம் குலவையேதான். உன் மாமியார் வருகிறாரல்லவா, அவரை எழுப்பி ஒரு முறை போட்டுக் காட்டச் சொல். மற்றவர்கள் தானாகத் தொடங்குவார்கள்.

கையில் பிடித்துப் பறக்கவிட்டு ஆடும் முக்காட்டுத் துணிக்கு விலை கேட்டிருந்தாய். வாங்காதே. புடவை ஐந்தரை மீட்டர், பாதியாக வெட்டினால் இரண்டே முக்கால் மீட்டர், அகலமும் சரியாக இருக்கும். பட்டுப்புடவை கனம், பறக்காது. நைலெக்ஸ் குளிரில் மின்னேறிக் காலைச் சுற்றும். மெல்லிய ஜார்ஜெட் பரவாயில்லை. நான்கு புடவை அனுப்புகிறேன், எட்டுத் துணி வரும். வெட்டின ஓரத்தை மடித்துத் தைக்காதே, கனத்துத் தொங்கும். விரலால் உருட்டி மெல்லிய நூலில் தை. ஜரிகைக் கரையை முழுதாக எடுத்துவிடு. உடையில் மணி மாட்டிக் கிழிவது அங்கேதான்.

அன்புடன்,
அம்மா